கருப்பம்மா கழுவிய தரை

கருப்பம்மா மதிப்பு வைத்திருந்த ஆட்கள் இந்த உலகத்தில் மொத்தம் மூன்று பேர். அதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். மூன்றாவது ஆள் அவளேதான்.

மற்றவர்களை அவள் ஒரே பார்வையில் நிறுத்துப் பார்த்து, எடை காணாது என்று கீழே போட்டுவிடுவாள். கட்டிய புருஷன் மொனராகலைக்குக் கரும்பு வெட்டப் போகிறேன் என்று போய், அங்கே இன்னொருத்தியோடு குடியிருந்துவிட்டான். லயத்துச் சனம், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்காரர்கள், துக்கம் விசாரிக்க வந்தபோது, “போனது போனான், என் வெத்தலப் பொட்டியவும்ல தூக்கிட்டுப் போயிட்டான்” என்றாள். அதற்கு மேல் அவனுக்காக ஒரு வார்த்தை செலவழிக்கவில்லை. எல்ல என்ற ஊர்ப் பக்கம் கட்டிக் கொடுத்த மகள் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில் துணி துவைக்கிறாள். தீபாவளிக்கு வந்தால் தாயின் லயத்தைப் பார்த்து மூக்கைப் பிடிப்பாள். அவளையும் கருப்பம்மா கீழே போட்டாயிற்று.

பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் மேலே ஏறினால் வெள்ளியோடைத் தோட்டம். அங்கே எண்பத்தொன்பதாம் வருஷம் வரைக்கும் அவள் மலையில் கொழுந்து எடுத்தாள். ஒரு நாள் மழையில் சறுக்கி, முதுகுக் கூடையோடு தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். முழங்கால் கோணலாகக் கூடிவிட்டது. ஏற்றம் ஏறினால் அந்தக் கால் அவளைக் கேட்காது. அப்போதிருந்த துரை இரக்கப்பட்டு அவளை இஸ்டோருக்குள், அதாவது தேயிலை ஆலைக்குள், தரை கழுவும் வேலையில் போட்டார். செத்துப்போன இரண்டு பேரில் அவர் ஒருவர்.

அது சாதாரணத் தரை அல்ல. வாட்டி, ரோலரில் அரைத்த கொழுந்தை அந்த ஓடு பதித்த தரையில்தான் பரப்புவார்கள். பச்சையாக வந்து விழும் தூள் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் புதுச் செம்புக்காசு மாதிரி நிறம் மாறும். பழுத்த ஆப்பிளை வெட்டி வைத்ததுபோல் ஒரு வாசம் எழும்பும். அந்த நேரம் பார்த்து அள்ளி டிரையருக்கு அனுப்புவார்கள். அள்ளியதும் கருப்பம்மா தும்புப் பிரஷ்ஷும் வாளியும் எடுத்துத் தேய்த்துக் கழுவுவாள். பழைய சாறு ஒரு சொட்டுத் தங்கினாலும் அதில் கிருமி ஏறி, அடுத்த தூள் புளித்துவிடும். பன்னிரண்டு வருஷத்தில் அவள் தரையில் ஒரு சொட்டுத் தங்கியதில்லை. இதைச் சொல்வது அவளுக்குப் பெருமை அல்ல. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதுபோல ஒரு சங்கதி.

இந்த வேலை போனால் அவளுக்கு மலை ஒன்றுதான் மிச்சம். மலை ஏறக் கால் இல்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நாலு நாள் போகாவிட்டால் பேரை வெட்டுவார்கள். பேர் வெட்டினால் லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, விட்டு இறங்க வேண்டும். மூக்கைப் பிடிக்கும் மகள் வீட்டு வாசலில் போய் நிற்பதைவிட கானுக்குள் மறுபடி விழலாம் என்று நினைக்கிற பெண் அவள்.

தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்த தொண்ணூற்றிரண்டில் டீமேக்கராக, இஸ்டோருக்கே பொறுப்பாக, வந்தவர் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவர். படித்ததை அவர் மறக்கவில்லை, அவர் படித்தவர் என்பதை இஸ்டோரில் ஒருவரையும் மறக்கவும் விடவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் என்பதற்காகக் கருப்பம்மா அவரைக் கீழே போட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தோட்டத்து மருந்துக்காரரும் அந்தப் பக்கத்து மனிதர்தான். கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்து, அவளுடைய முழங்காலைக் கட்டியவர். செத்துப்போன மற்றவர் அவர்.

கனகசபை ஐயாவை அவள் கீழே போட்டது அவருடைய சப்பாத்துக்காக. இஸ்டோரைப் பார்க்க யார் வந்தாலும், கம்பனி ஆள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கமெராவோடு வழி தவறி வந்த வெள்ளைக்காரன், யாராக இருந்தாலும் சரி, ஐயா அவர்களை இந்த அறைக்குக் கூட்டி வந்து, அவள் கழுவிக்கொண்டிருக்கும் தரையின் நடுவில் சப்பாத்தோடு நின்று பிரசங்கம் வைப்பார். “ஐயா, கொஞ்சம் கால...” என்பாள். ஐயாவின் கால் அசையாது. அந்தச் சப்பாத்தைச் சுற்றி வளைத்துக் கழுவிவிட்டு, அவர் போனபின் சப்பாத்து நின்ற இடத்தை இரண்டாம் தரம் கழுவுவாள்.

பிரசங்கத்தின் பொருள் நொதியம், இங்கிலீசில் என்சைம். ஒன்பது வருஷமாக ஒரே பிரசங்கம். தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தத்துக்கு எவ்வளவு காது கொடுப்பாளோ அவ்வளவுதான் கருப்பம்மா அதற்குக் கொடுத்தாள். இந்த ஆள் வாயிலிருந்து உருப்படியான ஒரு சங்கதி வரும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. வெறுப்பு காதை அடைத்துவிடும் என்பது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது.

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு பிறந்ததும் எல்லாத் தோட்டத்துக்கும் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. டிரையர் அடுப்புக்கு விறகு அதிகம் போகிறது, குறைக்க வேண்டும், அதிகம் குறைக்கும் இஸ்டோருக்குப் பரிசு உண்டு. பரிசு என்றதும் ஐயாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. டிரையரைப் பார்க்கும் இராமையாவைக் கூப்பிட்டு, இருநூறு பரன்ஹைட் பாகையில் நிற்கும் சூட்டை நூற்று அறுபதுக்கு இறக்கச் சொன்னார்.

“தூளு காயாதுங்களே” என்றான் இராமையா.

“தட்டை மெதுவா ஓட விடு. கூட நேரம் உள்ளுக்குள்ள கிடந்தாக் காயும்தானே? இதுக்கும் நான் வந்து வகுப்பு எடுக்க வேணுமோ?”

தூள் காய்ந்தது. ஈரம் பார்க்கும் கருவியும் சரி என்றது. விறகு மிச்சமானது. ஜூன் மாதம் கம்பனி பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாக அனுப்பியது. வெள்ளியோடைக்கு என்று அதில் பொறித்திருந்தார்கள். ஐயா அதைக் கருப்பம்மாவின் அறைச் சுவரில், பிரசங்கம் கேட்க வருகிறவர்களின் கண்ணுக்கு நேரே மாட்டினார்.

தேயிலை மட்டும் கெட்டுப்போனது. சாயம் மங்கல், ருசி சப்பை என்று கொழும்பிலிருந்து எழுதினார்கள். முதலில் மழையைச் சொன்னார் ஐயா. பிறகு கொழுந்து முற்றல் என்றார். ஜூலையில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியது. ஊவா மலைத் தேயிலைக்கு ஒரு பேர் இருக்கிறதென்றால் அது இந்தக் காற்று வீசும் இரண்டு மூன்று மாதத்தால்தான். இந்தக் காலத்தில் குருடன் கிண்டினாலும் தேயிலை மணக்கும். அப்போதும் வெள்ளியோடைத் தேயிலை அவித்த கீரைத் தண்ணீர் மாதிரி இருந்தது. மழையும் இல்லை, கொழுந்தும் முற்றல் இல்லை. பழி போட ஒரு இடம் வேண்டுமே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஐயாவும் தரையைக் காட்டினார்.

தரை சுத்தமில்லை, பழைய சாற்றில் கிருமி வளர்ந்து தூளைக் கெடுக்கிறது, தரை கழுவுகிறவளை அடுத்த முதலாம் திகதியிலிருந்து மலைக்கு அனுப்ப வேண்டும் என்று கடிதம் எழுதினார். பெரிய துரை திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. எழுதியதைக் கருப்பம்மாவைக் கூப்பிட்டு அவரே வாசித்தும் காட்டினார்.

“என் தரைலயா கிருமிங்க?”

“கிருமியை உனக்குக் கண்ணால பாக்கேலுமோ? உனக்கென்ன தெரியும்? போய்த் தண்ணியை அள்ளு.”

அன்றைக்குக் கருப்பம்மாவுக்குப் பயம் வந்தது. மழை நாளில் கூடையோடு விழுந்தபோதுகூட வராத பயம். ஏறவேண்டிய மலையை நினைத்தாள், இறங்கவேண்டிய காம்பராவை நினைத்தாள்.

சனிக்கிழமை, வேலை பழக வந்த சின்னத்துரைமார் ஏழெட்டுப் பேரை ஐயா கூட்டி வந்தார். சப்பாத்து வழக்கமான இடத்தில் நின்றது. பிரசங்கம் ஆரம்பமானது. கருப்பம்மா முழங்காலை மடக்கி உட்கார்ந்து சப்பாத்தைச் சுற்றித் தேய்த்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் காதைத் திறந்து வைத்துக்கொண்டாள். தன்னை வெட்டுகிற கத்தி எங்கே தீட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

“இஞ்ச பாருங்கோ. கிள்ளின பிறகும் கொழுந்து உடன சாகிறேல்லை. மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். வெயிலிட்ட வாங்கிச் சேத்து வைச்ச சக்தியை எரிச்சுச் சீவிக்கும். மிச்சம் சூடாப் போகும். அதாலதான் சாக்கில அமத்தின கொழுந்து தொட்டாச் சுடுது.”

உண்மைதான் என்று நினைத்தாள். சாக்குக்குள் கை விட்டுப் பார்க்காத கொழுந்துக்காரி யார்?

“இலையின்ர ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் அறை அறையாப் பிரிச்சிருக்கு. ஒரு அறையில சாறு, இன்னொரு அறையில நொதியம். ரோலர் சுவரை உடைச்சுவிடும். ரெண்டும் காத்தோட சேரும். அப்பதான் நிறம் மாறுது. நொதியம் இல்லாட்டி என்ன நடக்கும்? மேட்டுக்குப் பின்னால ஒரு கல்லு நிக்குது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அந்தப் பக்கம் பள்ளம். உருளுறதுக்குச் சக்தி கல்லிலயே இருக்கு. ஆனா மேட்டைத் தாண்ட வேணும். தாண்டுறதுக்குச் சூடு வேணும், இல்லாட்டி நாள்கணக்காக் காத்துக் கிடக்க வேணும். நொதியம் அந்த மேட்டைத் தணிச்சுக் குடுக்கும். இந்தக் குளிருக்குள்ள, அடுப்பே இல்லாமல், ரெண்டு மணித்தியாலத்தில வேலை முடிஞ்சிடும். ஒரு நொதியத்துக்கு ஒரு வேலைதான். ஆனா ஆயிரம் தரம் செய்தாலும் அது தேயாது.”

கருப்பம்மா தன் முழங்காலைப் பார்த்தாள். தேயாமல் வேலை செய்கிறதாம். கொடுத்து வைத்த சாதி.

“இப்ப கவனமாக் கேளுங்கோ. கொஞ்சம் சூடு குடுத்தா நொதியம் இன்னும் வேகமா வேலை செய்யும். நிறையச் சூடு குடுத்தா உருக்குலைஞ்சு செத்துப்போகும். முட்டை அவியிற மாதிரித்தான். அவிச்ச முட்டை திரும்பப் பச்சை முட்டையாகுமோ? ஆகாது. அதுக்குத்தான் டிரையர். காய வைக்கிறது ரெண்டாவது வேலை. நொதியத்தைச் சட்டெண்டு கொல்லுறதுதான் முதல் வேலை.”

கருப்பம்மாவின் கையில் பிரஷ் நின்றுவிட்டது.

கொஞ்சம் சூடு என்றால் வேகம். நிறையச் சூடு என்றால் சாவு. நூற்று அறுபது கொஞ்சமா, நிறையவா? ஆறு மாதமாக இராமையா புலம்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. மெதுவாக ஓடுகிற தட்டு, நனைந்த தூள், வெதுவெதுப்பு. கீரையைச் சின்ன நெருப்பில் மூடி வைத்தால் கறுத்து அவிந்து போகும். பெரிய நெருப்பில் சட்டென்று வதக்கினால் நிறம் நிற்கும். அடுப்பு மூட்டுகிற எந்தப் பொம்பிளைக்கும் இது தெரியும். தரையிலிருந்து செம்பாக, ஆப்பிள் வாசத்தோடு போகிற தூள், டிரையரின் அந்தப் பக்கம் கீரை வாசத்தோடு விழுகிறது. அந்த வாசம் ஆறு மாதமாக மூக்கில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. தன் அறை வாசலுக்கு வெளியே நடப்பது தனக்குச் சம்பந்தமில்லை என்று அதையும் கீழே போட்டிருந்தாள்.

அவள் அந்தச் சப்பாத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேலே, முகத்தைப் பார்த்தாள். அந்த மனிதர் சொன்னது அத்தனையும் சத்தியம். ஒன்பது வருஷமாக அவர் வாயிலிருந்து சத்தியம்தான் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்காத காது இந்த இஸ்டோரில் இரண்டு பேருக்கு: ஒன்று கருப்பம்மா, மற்றது கனகசபை ஐயா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சுரைக்காயில் ஒரு குற்றமும் இல்லை. ஏட்டைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் அடுப்படிக்குப் போனதில்லை, அவ்வளவுதான். இதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே நல்ல கோபமும் வந்தது.

பாலில்லாத சாயத்தண்ணி குடிக்கிற நேரம் இராமையாவிடம் போனாள்.

“திங்கக்கெழம அடுப்புல நல்ல தணலா கொஞ்சம் வெளிய இழுத்துப் போட்டு வையி. என் ரொட்டிச் சட்டியக் கொண்டாறேன்.”

“என்னாக்கா செய்யப் போறீங்க? எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு.”

“ஒன்னோட புள்ளைங்களயா வறுக்கப் போறேன்? தணலு மட்டும் போடு. வாயத் தொறக்காத. அது ஒனக்கு நல்லா வரும்.”

திங்கட்கிழமை காலை பெரிய துரை வந்தார். சிங்களவர், தோட்டத்திலேயே முப்பது வருஷம் இருந்ததில் நம்முடைய பேச்சு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஐயா கடிதத்தை நீட்டினார். துரை பேனையை எடுத்தபடி, “என்ன கருப்பம்மா, தரை கழுவ மாட்டியாமே?” என்று கேட்டார்.

“தொரைங்களே, கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ தரைக்கு வாங்க. தூளு இப்ப எடுக்குற பதத்துல இருக்கு. எந்த எடத்த நீங்க காட்டுறீங்களோ அந்த எடத்துல அள்ளுறேன். பாதி டிரையருக்குப் போகட்டும். பாதிய நான் சட்டியில வறுக்கிறேன். ரெண்டையும் ஊத்திக் குடிச்சுப் பாருங்க. என் தரை அழுக்குன்னா ரெண்டு கோப்பையும்தானே நாறணும்?”

“இது என்ன பைத்தியக் கதை!” என்றார் ஐயா. “சேர், சட்டியில தேயிலை வறுக்கிறதோ? இவளுக்கு விஞ்ஞானம் எண்டா...”

“ஐயா சொல்லிக் குடுத்ததுதாங்க” என்றாள் கருப்பம்மா. “சட்டுன்னு கொல்லணும்னு.”

துரை அவளைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், பேனையைச் சட்டைப்பையில் போட்டார்.

துரையே குனிந்து இடம் காட்டினார். ஒரே இடத்துத் தூள். இராமையா பாதியைத் தட்டில் போட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டான். அது உள்ளே போய் முக்கால் மணித்தியாலம் தவழ்ந்து வந்தது. கருப்பம்மா காய்ந்த சட்டியில் மிச்சத்தைக் கொட்டி, கை சுடச் சுடப் புரட்டினாள். ஆவி குப்பென்று எழும்பி அடங்கியது. பிறகு தணலைத் தள்ளிவிட்டு, மொறுமொறுவென்று ஆகும்வரை சின்னச் சூட்டில் வைத்தாள். ஐயா பக்கத்தில் நின்று, வாசல் வழியே தெரிந்த பரிசுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதில் விடை எழுதியிருப்பதுபோல.

ருசி பார்க்கும் மேசையில் இரண்டு வெள்ளைக் கோப்பை. எது எதனுடையது என்று சொல்லாமல் வைக்கச் சொன்னார் துரை. முதலாவதை உறிஞ்சித் துப்பினார். முகம் சுளித்தது. இரண்டாவதை உறிஞ்சினார். துப்பினார். மறுபடி உறிஞ்சி, இந்தத் தடவை விழுங்கினார்.

“இதுல புகை நாத்தம் இருக்கு” என்றார். “ஆனா சாயத்தைப் பாரு. இது நம்ம தேயிலை.”

புகை நாற்றம் என்றதும் அது சட்டியில் வறுத்த தூள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஐயாவின் முகம் முதல் கோப்பையின் நிறத்துக்கு வந்திருந்தது.

“டிரையர் எத்தனை பாகையில ஓடுது?” என்று கேட்டார் துரை.

இராமையா வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல் தவறாத பிள்ளை. ஐயாதான் சொல்ல வேண்டியிருந்தது. “நூற்றி... நூற்றி அறுபது, சேர். விறகு... கம்பனிக் கடிதம்...”

துரை கத்தவில்லை. “பழைய சூட்டுக்கு வை” என்றார். கடிதத்தை மடித்து ஐயாவின் கையிலேயே கொடுத்தார். கருப்பம்மாவைப் பார்த்து, “நீ போய் வேலையப் பாரு” என்றார். தட்டிக் கொடுக்கவும் இல்லை, புகழவும் இல்லை. அவளுக்கு வேலை இருந்தது. அதுதான் அவள் கேட்டது. காம்பராவின் சாவி முந்தானையில் முடிந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தன் அறைக்கு நொண்டிப் போனாள். அங்கே யாரும் இல்லாதபோது வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்து எழும்பிவிட்டாள்.

மிச்சமிருந்த கச்சான் காற்றில் வெள்ளியோடைத் தேயிலை பழையபடி மணந்தது. தாம் செய்த சட்டிப் பரிசோதனை ஒன்றின் மூலம் குற்றத்தைக் கண்டுபிடித்ததாக ஐயா கம்பனிக்கு மூன்று பக்கம் எழுதினார் என்று தோட்டக் கந்தோர் ஆபீஸில் இருந்து செய்தி வந்தது. கருப்பம்மா ஆச்சரியப்படவில்லை. “எழுதட்டும். எழுதத்தானே தெரியும்” என்றாள். ரொட்டிச் சட்டி மட்டும் எவ்வளவு தேய்த்தும் வாசம் போகவில்லை. ஒரு மாதம் தேயிலை ரொட்டி தின்றாள்.

ஜனவரியில் பண்டாரவளையிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள், கையில் கொப்பியும் பேனையும். ஐயா பழைய இடத்தில் நின்றார். கொழுந்து மூச்சு விட்டது, கல் மேட்டுக்குப் பின்னால் நின்றது, நொதியம் தேயாமல் வேலை செய்தது. அவித்த முட்டைக்கு வந்ததும் ஐயாவின் பேச்சு இலேசாக வேகம் பிடித்தது, பள்ளத்தில் பிரேக் விட்ட பஸ் மாதிரி.

“நிறையச் சூட்டில நொதியம் செத்துப்போகும், அதுக்குத்தான் டிரையர், சரி, அடுத்த அறைக்குப் போவம்...”

“சேர்” என்று ஒரு பிள்ளை கையை உயர்த்தியது. “சூடு போதாட்டி என்ன நடக்கும்?”

ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தும்புப் பிரஷ்ஷின் சத்தம் நின்றிருந்தது.

“அவிஞ்சு போகுங்க” என்றாள் கருப்பம்மா, தரையிலிருந்து. “கீரை மாதிரி. அள்ளிக் கொட்டத்தான் ஆகும்.”

வாயை மூடு என்று ஐயா சொல்லவில்லை. பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டது. கருப்பம்மா வாளியைச் சரித்தாள். தண்ணீர் ஓட்டின்மேல் பரவி வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கனகசபை ஐயா தானாகவே காலைத் தூக்கி, தரையை விட்டு இறங்கி நின்றார்.